அக்காவுக்குத் தெரியாத பாஷை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் வந்தால் காலையில் இடது பக்கம் வெயில் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் இடது பக்கம்தான். பத்தொன்பது வருஷமாக நான் வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வந்துபோகிறேன், வக்கீல் சார். எங்கள் பேண்டேஜ் துணி மில்லில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். வேலையெல்லாம் பிறகு.

ஆட்களைக் கவனித்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். உங்கள் விசாரணைக் காகிதத்தில் 'நாராயணி, மனிதவள மேலாளர்' என்று இருக்கிறது. நீங்கள் மதுரையிலிருந்து வந்து நாலு நாளில் விசாரணையை முடித்துவிட்டீர்கள். கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். படித்தேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் செத்த நேரம் கேட்டேன். கதவைச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனிக்காரர்கள், எங்களிடம் துணி வாங்குகிறவர்கள், ஒரு கடிதம் அனுப்பினார்கள். உங்கள் மில்லில் எல்லா விதமான மனிதர்களுக்கும் இடம் இருக்கிறதா, எல்லோரும் சமமாக நடத்தப்படுகிறார்களா என்று நாற்பது கேள்வி. முதலாளி வைகுண்டராஜ் சாருக்குப் பிடிபடவில்லை. "ஏம்மா, நம்ம மில்லுல எல்லாரும்தானே இருக்காங்க?" என்றார். நான் அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். நாலு மேஜை. ஊர்வாரியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துப்புரவு வேலை பார்க்கும் வெள்ளத்தாய் கூடத்துக்கு வெளியே, கைகழுவும் குழாய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மறுமாசம் நாலு மேஜையையும் எடுத்துவிட்டு ஒரே நீள மேஜை போட்டேன். முதல் நாள் வெள்ளத்தாயைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டேன். அவள் பயந்துபோய் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். ஒரு வாரம் பாதி ஷெட் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டாம் நாள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எங்கள் வீட்டில் தெரிந்தபோது மாமியார் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அதற்கும் நான் அசரவில்லை. சுவரில் 'எல்லோருக்கும் இடம்' என்று பெரிதாக எழுதவைத்ததும் நான்தான். கூழைக் கும்பிடு போட்டு வேலை பார்த்தவள் இல்லை நான்.

பானுப்பிரியாவைக் கொண்டுவந்ததும் நான்தான். காது கேட்காத பெண் ஒருத்தியைச் சேர்ப்பது என்று முடிவானதும் கூமாப்பட்டிக்கு நானே போனேன். அவள் அம்மா செல்லத்தாய்க்கு அனுப்ப மனசில்லை. "கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டாளே தாயி. மெசினுக்குள்ள போயி எம்மவ என்ன செய்வா?" என்றாள். "நான் பாத்துக்கிடுதேன்," என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்கதான் அவளுக்குக் காது," என்றாள். திரும்பி வரும்போது பஸ் முழுக்க எனக்கு அந்தச் சொல்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பானு மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவள். சைகை மொழி சுத்தமாகத் தெரியும். கெட்டிக்காரி. சேர்ந்த மூன்றாவது மாசம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். எங்கள் ஷெட்டில் இரைச்சலுக்குக் காது கேட்கிறவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. உருளை மெஷினில் துணி சிக்கினால் ஒருவர் உள்ளே கைவிட்டு எடுப்பார், முப்பது அடி தள்ளி மாரிசாமி சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பான். நடுவில் துணிச் சுருள் மலையாகக் கிடக்கும். "ஓட்டிக்கோ" என்று கத்துவார்கள். பாதி நேரம் அவனுக்குக் கேட்காது. பானு அதற்குச் சைகை வைத்தாள். வலது கையை உயர்த்தி, மூடிய விரல்களை இரண்டு தடவை விரித்தால் 'ஆள் இல்லை, ஓட்டலாம்'. மாரிசாமிக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிற யாரும் காட்டலாம். காட்டாமல் ஓட்டக் கூடாது. அந்த வருஷம் ஒருவர் விரலில்கூடச் சிராய்ப்பு இல்லை.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பாகுந்தி, பாகுந்தி," என்று அவர்கள் தெலுங்கில் புகழ்ந்தார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் பானு எல்லோருக்கும் சைகை சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அவரும் வந்து உட்கார்ந்தார். பானு ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்தாள். முதலாளிக்கு மீசை முறுக்கு. மாரிசாமிக்குக் காதில் செருகிய பென்சில். ஷெட்டே சிரிக்கும்.

"நாராயணியம்மா, நீங்களும் வாங்க," என்று முதலாளி கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். நான் கூட்டிவந்த பெண் முன்னால் நான் ஸ்லேட்டுப் பிடிக்க வேண்டுமா? என் அறை மாடியில் இருக்கிறது, மூன்று பக்கமும் கண்ணாடி. அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிறு எரிந்தது, வக்கீல் சார். அதைச் சொல்வதற்கென்ன. முன்பெல்லாம் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் என் அறைக்குத்தான் வருவார்கள். புருஷன் அடித்தாலும், பெண் சமைந்தாலும், லீவு வேண்டுமென்றாலும் என் முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். நான் தண்ணீர் கொடுப்பேன். அந்த நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. எல்லோரும் பானுவிடம் போனார்கள். வெள்ளத்தாயின் புருஷன் அவள் மண்டையை உடைத்தபோது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "பானுகிட்ட சொன்னம்லா அக்கா. அவ போலீசு ஸ்டேசன் வரைக்கும் கூட வந்தா. ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான்," என்றாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்த வெள்ளத்தாய். காது கேட்காத பெண்ணிடம் போய்ப் பேசியிருக்கிறாள்.

அப்போதுதான் நானும் கற்க ஆரம்பித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று வகுப்பைப் பார்ப்பேன். பஸ்ஸில் போனில் வீடியோ பார்ப்பேன். வீட்டில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மணி நேரம் கை அசைத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சுந்தரராஜன், "என்னடி, இந்த வயசுல பரதநாட்டியம்?" என்று கேட்டார். தோள்பட்டை வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்றேன். ஏழு மாசத்தில் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. என்றாவது ஒருநாள் வகுப்புக்கு நடுவில் போய் நின்று, பானுவே அசந்துபோகிற மாதிரிப் பேச வேண்டும் என்று இருந்தேன். நான் கெட்ட எண்ணத்தில் கற்கவில்லை.

ஆனால் பாஷை தெரிந்தால் எல்லாம் புரிந்துவிடுகிறது. எனக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. புருவத்துக்கு மேல் கையை வைத்துக் குனிந்து கீழே பார்ப்பதுபோல ஒரு சைகை. மேலேயிருந்து பார்க்கிறவள். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் பானு வெள்ளத்தாயிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஏழெட்டு அடி தூரத்தில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியாது என்று மறைக்கக்கூட இல்லை. 'அக்கா நல்லவங்க. ஆனா நம்மள உள்ள விட்டதுக்கு நாம சாகுற வரைக்கும் நன்றி சொல்லணும் அவங்களுக்கு' என்றாள். கைகளால்தான் சொன்னாள். ரொம்ப அழகாகச் சொன்னாள். பொய் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். 'எல்லோருக்கும் இடம்' குழுவுக்கு இனிமேல் பானு தலைவி என்றார். ஜெர்மனிக்காரர்கள் வரும்போது அவள்தான் முன்னால் நின்று பேசுவாளாம். "நீங்க பெரியவங்க, பக்கத்துல இருந்து பாத்துக்கங்கம்மா," என்றார். நான் ஆரம்பித்த குழு. நான் எழுதவைத்த சுவர். நல்ல முடிவு சார் என்று சொன்னேன். கீழே இறங்கி வந்து பானுவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். அவள் என் காலைத் தொட வந்தாள். வேண்டாம் என்றேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை நடந்ததை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டே முக்கால் மணி. உருளையில் துணி சிக்கியது. மெஷினை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு, பானு மண்டியிட்டு வலது கையை உள்ளே விட்டிருந்தாள். வெள்ளத்தாய் வழக்கமாகச் சைகை காட்ட நிற்கும் இடத்தில் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாரிசாமிக்குத் துணிச் சுருளுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. அவன் சுற்றிப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான். நான் கண்ணாடி ஓரம் நின்றிருந்தேன். எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

நான் வலது கையை உயர்த்தினேன். மூடிய விரல்களை இரண்டு தடவை விரித்தேன்.

முதல் தடவை அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். அதனால் மறுபடியும் காட்டினேன், நிதானமாக. அவன் முகம் மலர்ந்துவிட்டது. மேடமும் நம்ம சைகையைக் கற்றுக்கொண்டார்கள் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். அவனை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

பானுவால் கத்த முடியும். காது கேட்காதவர்களுக்கும் குரல் உண்டு. எனக்கு அது அதுவரை தெரியாது.

மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செல்லத்தாய் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். "நீங்க இருந்துமா தாயி இப்படி ஆச்சு?" என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கை போனால் அந்தப் பெண்ணுக்குப் பேச்சும் போகும் என்று சைகை காட்டிய நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். தோன்றியது.

விசாரணையில் மாரிசாமி உங்களிடம் அழுதான். "சத்தியமா மேடம் கையைக் காட்டுனாவ சார். ரெண்டு தடவ காட்டுனாவ. என் ரெண்டு புள்ளைக மேல ஆணை," என்றான். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். தலைமுடியைச் சரிசெய்தேன் என்றேன். முதலாளி சிரித்துவிட்டார். "அந்தம்மாவுக்கு ஒரு சைகைகூடத் தெரியாதுங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்," என்றார். வெள்ளத்தாயும் அதையே சொன்னாள். அப்புறம் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பானுவைக் கேட்டீர்கள். நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவள் இடது கையால் பேசினாள். தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு சொல்லாக. வெள்ளத்தாய் உங்களுக்குச் சொன்னாள். 'அக்கா மேல பழி போடாதீங்க. அக்காவுக்கு நம்ம பாஷை தெரியாது.' அது மட்டும்தான் வெள்ளத்தாய் சொன்னாள். அதற்குப் பிறகு பானு இன்னொன்றும் சொன்னாள், வெள்ளத்தாய்க்கு அது பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. 'எத்தனை வருஷம் கொடுத்தாலும் அவங்களுக்கு வராது' என்றாள். கிண்டல் இல்லை. என்மேல் பாவப்பட்டுச் சொன்னாள்.

அதனால் மாரிசாமிக்கு வேலை போகப்போகிறது, போலீஸ் கேஸும் வரும். இந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதும், சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டு குழந்தைகள் இருக்கிற ஒரு ஆள் செய்யாத தப்புக்குத் தெருவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்த மில்லில் அதைக் கொண்டுவந்ததே நான்தான். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: அவன் ஓட்டினான், ஓட்டச் சொன்னது நான். பானு உள்ளே இருப்பது தெரிந்துதான் சொன்னேன்.

அப்புறம் அந்தக் கடைசிப் பக்கத்தில், ஏழாவது வரியில், 'நாராயணி என்பவருக்குச் சைகை மொழி தெரியாது, கற்க முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறீர்களே, அதை முதலில் அடித்துவிடுங்கள். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்குத் தெரியும், சார். பானுவுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இல்லை, அவளுக்கு இப்போது ஒரு கைதானே. அந்த ஷெட்டில் இனிமேல் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை.