ஸ்கோர் சொல்லாதே

சனிக்கிழமை ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் ஒன்றென்று நினைப்பவர்களிடம் நான் ஃபுட்பால் பேசுவதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், டெபுடி பீலர். ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். இந்த வருஷம் நம் நகரத்துச் சட்டை, அடுத்த வருஷம் எவன் கூடுதலாகக் கொடுக்கிறானோ அவன் சட்டை. புது மைதானம் கட்டித் தராவிட்டால் முதலாளி அணியையே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவான். பிடிக்கவில்லையென்றால் நாமும் வேறு அணிக்கு மாறிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் அப்படியில்லை. அது பிறந்த வீடு மாதிரி. நான் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவள் இல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சமைத்தேன். ஆனாலும் எங்கள் டன்மோர் கல்லூரி தோற்றால் மறுநாள் சர்ச்சில் எனக்குத் தொண்டையில் பாட்டு வராது.

உங்கள் காபிக் கோப்பை ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. எதிரணி கிளேபர்ன் ஸ்டேட்காரர் என்று தெரிகிறது. பரவாயில்லை. வெண்டல் ஓடமும் கிளேபர்ன்காரன்தான். இருபத்திரண்டு வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவனும் என் வீட்டுக்காரர் ராய்ஸும் ஞாயிற்றுக்கிழமை ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கத்துவார்கள். சனிக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் பச்சைக் கொடி, அவன் வீட்டில் ஆரஞ்சுக் கொடி. அன்றைக்கு ஒருவர் மற்றவர் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இந்தத் தெருவே அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததில்லை.

தட்டு விஷயமும் தெரிந்திருக்கும். வேலை, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எதற்காவது போக வேண்டியிருந்து ஆட்டத்தைப் பதிவு செய்துவிட்டுப் போகிறவர்கள், ஒரு காகிதத் தட்டில் தேதி போட்டு எழுதி வாசலில் ஆணியால் அறைந்துவிடுவார்கள். ‘ஆட்டம் பார்த்து முடியவில்லை. ஸ்கோர் சொல்லாதே. உள்ளே வராதே.’ தட்டைப் பார்த்தால் தபால்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டு போவார். ஹார்ன் அடிக்க மாட்டார்கள், போன் பண்ண மாட்டார்கள். போதகரே ஒருமுறை ஒரு சாவுச் செய்தியை இரண்டு மணி நேரம் தள்ளிச் சொன்னார். இந்த ஊரில் திருடுகிறவன் இருக்கிறான், பெண்டாட்டியை அடிக்கிறவன் இருக்கிறான். தட்டை மீறுகிறவன் இல்லை.

ராய்ஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். உடம்பு துரும்பாகிவிட்டது. ஆகஸ்டிலேயே போதும் என்று நிறுத்தியிருப்பார். நிறுத்தவில்லை. ஏனென்றால் நவம்பரில் கிளேபர்ன் ஆட்டம் இருந்தது.

“ஒரே ஒரு தடவ, மெர்லீன்,” என்றார். “பதினெட்டு வருஷமா அவனுங்ககிட்ட தோத்துட்டு இருக்கோம். இந்தத் தடவ பசங்க நல்லா ஆடுறாங்க. அவனுங்க மூக்க ஒடைக்கறத பாத்துட்டுப் போறேன். அப்புறம் நீ அழுதாலும் நிக்க மாட்டேன்.”

போன வருஷம் அந்த ஆட்டம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. பதினோரு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். காலையிலேயே ஆட்டத்தைப் பதிவில் போட்டுவிட்டு, பச்சை மார்க்கரால் தட்டு எழுதினேன். காரில் ரேடியோவைத் தொடவில்லை. கிளினிக்கில் இவருக்காக நர்ஸுகள் டிவியைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். திரும்பி வரும்போது பெட்ரோல் பங்க் பலகையில் ஸ்கோர் போட்டிருப்பார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுத்துவிட்டு, நாலு மணிக்குப் பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் உப்பே கூடாது என்றிருந்தார். நான் ஒரு கிண்ணம் உப்புக்கடலை கொடுத்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று சொல்வேன். பாதி ஆட்டத்தில் டன்மோர் இருபத்து நாலு, கிளேபர்ன் ஏழு. ராய்ஸ் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். எங்கள் பையன்கள் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோன ஒவ்வொரு டச்டவுனுக்கும் என் தொடையில் அறைந்தார், வலிக்கிற அளவுக்கு. நாலில் மூன்றாவது குவார்ட்டர் போய்க்கொண்டிருந்தது.

வெண்டல் அன்றைக்கு மைதானத்துக்கே போயிருந்தான். ஐந்தரை மணிக்கு அவன் பிக்கப் வண்டி அவன் வீட்டு முற்றத்தில் நுழைந்தது. ஹார்ன் அடித்தது.

எங்களை ஜெயித்தால் கிளேபர்ன்காரர்கள், தொடர்ந்து எத்தனை வருஷம் ஜெயித்தார்களோ அத்தனை தடவை சொந்த முற்றத்தில் நின்று ஹார்ன் அடிப்பார்கள். ராய்ஸ் நாற்காலிக் கையில் விரலால் தட்டி எண்ணினார். திரையில் எங்கள் பையன் பந்தை அணைத்துக்கொண்டு நாற்பது கஜம் ஓடிக்கொண்டிருந்தான். எண்ணிக்கை பத்தொன்பது வந்தது.

“அணைச்சிடு,” என்றார்.

“சும்மா சீண்டுறான், ராய்ஸ். அவன் புத்தி தெரியாதா?”

“வெண்டல் பொய் ஹார்ன் அடிக்க மாட்டான்,” என்றார் ராய்ஸ். “யாரும் அடிக்க மாட்டாங்க. அணைச்சிடு.”

நான் அணைத்தேன். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். மிச்ச ஆட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் மூன்று புள்ளியில் தோற்றோம் என்பதை நான் பேப்பரில்தான் படித்தேன். தோற்றதை ஒரு மனுஷன் தாங்கிக்கொள்வான். பத்தொன்பது வருஷம் தாங்கவில்லையா? ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பார். கடைசி நிமிஷம் வரைக்கும் நம்பியிருப்பார். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. அதைத்தான் வெண்டல் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஞாயிறு. எப்போதும் போலப் பொரித்த கோழி இறக்கை ஒரு வாளி வாங்கிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

“நேத்து உங்க பசங்க கடைசில கோட்டை விட்டுட்டாங்களேப்பா,” என்றான் சிரித்துக்கொண்டே. “நான் நாலாவது குவார்ட்டர்ல பாதி ஜெபம்தான் பண்ணிட்டு இருந்தேன்.”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம், வெண்டல்,” என்றார் ராய்ஸ்.

அடுத்த வருஷம் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் சமையலறையில் நின்றுகொண்டு, அவன் என் கிண்ணத்தில் எலும்பைப் போடுகிற சத்தத்தைக் கேட்டேன். அப்போதே முடிவு செய்துவிட்டேனா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படி என்பது மட்டும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ராய்ஸ் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றார். வியாழனும் வரவில்லை. ஒன்பதாவது நாள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வெண்டல் பச்சை டை கட்டிக்கொண்டு வந்தான். கிளேபர்ன்காரன், பச்சை டை. ஊரே உருகிப் போனது. எனக்கு அது சவப்பெட்டிக்கு முன்னால் பண்ணுகிற கேலியாகத்தான் பட்டது. அப்புறம் கோடை முழுக்க என் புல்லை அவன்தான் வெட்டினான். கூரை ஒழுகியதைச் சரி பண்ணிக் கொடுத்தான். ஒரு காசு வாங்கவில்லை. மனசில் குற்றம் இல்லாதவன் ஏன் அப்படி விழுந்து விழுந்து செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கியை நான் தொடவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இருபதாவது தடவைக்கென்று வெண்டல் ரயில் எஞ்சின் ஹார்ன் ஒன்று வாங்கி வைத்திருந்தான். பின்கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்து அதைப் பொருத்திக்கொண்டிருந்தான். பதினொன்றரை இருக்கும். ஏதோ கனமாக விழுகிற சத்தம் கேட்டது. நான் வேலிக் கதவு வழியாகப் போனேன்.

வண்டி அவன் இடுப்பு மேல் உட்கார்ந்திருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. போன் எட்டாத தூரத்தில் தொட்டி மேல் இருந்தது, அதில் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“மெர்லீன், நல்ல வேள வந்த. ஜாக்கி நழுவிடுச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு.”

நான் போனை எடுத்தேன். பேச்சை நிறுத்தினேன். பிறகு அவன் தலைப்பக்கம் இருந்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, போன வருஷம் ஹார்ன் அடித்ததைப் பற்றிக் கேட்டேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மனுஷன் முகம் மாறுவதை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

“ஐயோ, அவன் பாத்துட்டா இருந்தான்? மெர்லீன், தட்டு இல்லம்மா. வண்டிய நிறுத்திட்டு ரெண்டு தடவ பாத்தேன். ராய்ஸ் உடம்பு தெரியும்ல எனக்கு. தட்டு இருந்திருந்தா நான் அடிப்பனா?”

“நீ எப்பவும் உன் வசதிக்குத்தான் பேசுவ, வெண்டல்,” என்றேன்.

“மெர்லீன். போனைக் குடு. என் பொண்ணுகிட்டயாவது ஒரு வார்த்த பேசறேன்.”

கொடுக்கவில்லை. நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. தாகமாக இருக்கிறது என்றான். சனிக்கிழமை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு தட்டும் சுத்தியலும் எடுத்துக்கொண்டுபோய் அவன் வாசல் கம்பத்தில் அறைந்தேன். என் வீட்டு வாசலில் இல்லை, அவன் வீட்டு வாசலில். பிறகு வந்து டிவியைப் போட்டேன். உதைத்து விட்ட முதல் பந்தைப் பிடித்துக்கொண்டு டன்மோர் ஓட ஆரம்பித்திருந்தது.

அவன் கத்தினான், இல்லையென்று சொல்லவில்லை. எதிர்வீட்டில் கத்தினார்கள், முனைவீட்டில் கத்தினார்கள். அன்றைக்குத் தெருவில் கத்தாத வீடு எது? முதல் பாதி முடிந்த இடைவேளையில் அவன் மகள் கார்லா பீக்கன் கொட்டை போட்ட பலகாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பலகாரத்தைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்து என் ஜன்னல் பக்கம் வந்தாள். அவன் வீட்டுப் பக்கமிருந்து அவள் அப்பாவின் குரல் கேட்டது.

“அப்பா கத்துறதப் பாத்தா நாங்க ஒத வாங்குறோம் போல,” என்று கிசுகிசுத்தாள். “தட்டு போட்டிருக்காரு, தொந்தரவு பண்ணா கொன்னுடுவாரு. முடிஞ்சதும் பலகாரத்த உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க ஆன்ட்டி.”

சொல்கிறேன் என்றேன். வாய்மேல் கையை வைத்துக் காட்டினாள். நானும் வைத்துக் காட்டினேன். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகும்போது சத்தம் நின்றது. ஏறக்குறைய அதே இடத்தில்தான் போன வருஷம் நான் டிவியை அணைத்தேன். இந்தத் தடவை அணைக்கவில்லை. டன்மோர் முப்பத்தொன்று, கிளேபர்ன் இருபது. இருபது வருஷத்தில் முதல் தடவை. தெருவில் ஒரு ஹார்ன் கிடையாது. பச்சைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய், குனிந்து அவனிடம் ஸ்கோரைச் சொன்னேன். அதற்குப் பிறகு உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆட்டம் முடிந்தபின் கூப்பிட்டால் போதும் என்று நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். அவன் சாக வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி நேரம், விளம்பரங்களையும் சேர்த்து.

அந்தப் பிளாஸ்டிக் உறையில் நீங்கள் வைத்திருக்கும் தட்டைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். ஆமாம், என் கையெழுத்துதான். ஆமாம், போன வருஷத் தேதிதான். அவசரத்தில் புதிதாக எழுத நேரமில்லை, சமையலறை அலமாரியில் கிடந்ததை எடுத்தேன். அதில் ஒரே ஒரு ஆணித் துளைதான் இருக்கிறது என்கிறீர்கள். அது இந்தச் சனிக்கிழமை நான் அடித்தது. அப்படியானால் போன வருஷம் அது வாசலுக்கே போகவில்லை என்கிறீர்கள். ராய்ஸை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, காரில் ஏற்ற வேண்டியிருந்தது, டெபுடி. இரண்டு கைதான் எனக்கு. தட்டு மேஜையிலேயே இருந்துவிட்டது. அதனால் என்ன? இருபத்திரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவனுக்குத் தட்டு அறைந்துதான் சொல்ல வேண்டுமா?