இரவல் கேட்ட பிள்ளை

துரை பங்களாவுக்குக் கீழே, தேயிலைக் கொழுந்து எடைபோடும் வரிசையில் எனக்கு முன்னால் ராமாயியும் மாராக்காவும் நின்றார்கள்.

"ஏனுங்க மாராக்கா, உங்க பையனைக் கொஞ்ச நேரம் இரவல் குடுங்க."

"அவனென்ன உலக்கையாடி, இரவல் குடுக்க?"

"எம்புள்ள கொறமாசமுங்க. உறிஞ்சத் தெம்பில்ல, பீச்சிச் சங்குலதான் ஊத்தறேன். சப்ப ஆளில்லாம பால் வத்துதுங்க. அவ தேறற வரைக்கும் உங்க பையன் குடிக்கட்டுமுங்க."

"கடிப்பான்டி."

"கடிக்கட்டுமுங்க."

சில நாள் கழித்து, அதே வரிசை.

"இனிப் பையன் வேண்டாமுங்க்கா. காத்தால எம்புள்ளயே சப்பிக் குடிச்சிட்டா!"

"அட! இவன் உன்னத் தேடி அழுவானேடி!"

இருவரும் சிரித்தார்கள்.

என் பிள்ளையைப் புதைத்த பிறகும் எனக்குப் பால் நிற்கவில்லை. நனைந்த ரவிக்கை தெரியாமல் கூடையை முன்னால் பிடித்துக்கொண்டேன்.