ஒரு மாதிரியான வீடு

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, எங்களுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்துவிட்டு, அந்தக் கோட்டைத் தாண்டினால் கோபித்துக்கொள்ளும் பெரியோர்களே, "பெயிண்ட் அடிக்கவா இத்தனை படிப்பு?" என்று கேட்டாலும் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்ட தாய்மார்களே, நாளைய வீடுகளை உள்ளும் புறமும் அலங்கரிக்கப் போகும் மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் என்னை முறைத்தபடி வீற்றிருக்கும் என் அருமை நாத்தனாரே! உங்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் ஒரு சொல் என்னைத் துரத்துகிறது. என்ன சொல்? மாதிரி! வீடு கட்டியவர் கைப்பேசியைத் திறப்பார். "இந்த ஹோட்டல் மாதிரி வேணும்" என்பார். அவர் மனைவி, "எங்க அக்கா வீடு மாதிரி, ஆனா அதைவிடக் கொஞ்சம் பெருசா" என்பார். ஹோட்டல் மாதிரி கேட்டவருக்கு ஹோட்டல் மாதிரியே கொடுத்தேன். ஹோட்டலில் யார் துணி காயப்போடுகிறார்கள்? கொடி கட்ட இடமே இல்லை! சரவிளக்கில் துண்டு காய்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். சிரிக்காதீர்கள், துண்டுக்குச் சொந்தக்காரரும் இங்கே வந்திருக்கிறார்.

அப்போதுதான் என் நாத்தனார் புது வீடு வாங்கினார். சாவியை என் கையில் வைத்து, "உன் இஷ்டப்படி செய்" என்றார். இதைவிடப் பயங்கரமான வாக்கியம் உண்டா? என் இஷ்டம் எது என்று எனக்கே தெரியாதே!

அவருடைய பழைய வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். என்ன கண்டேன்? கூடத்தில் சோபா காலியாகக் கிடக்கிறது. குடும்பமே சமையலறை வாசலில் நிற்கிறது! மகள் கதவில் சாய்ந்து கல்லூரிக் கதை சொல்கிறாள். கணவர் டீ டம்ளரோடு நின்று அரசியல் பேசுகிறார். நாத்தனார் வெங்காயம் நறுக்கியபடியே இருவருக்கும் பதில் சொல்கிறார். பேசுகிற இடத்தில் உட்கார வழியில்லை. உட்காருகிற இடத்தில் பேச ஆளில்லை!

என் மனம் துள்ளியது. புது வீட்டுச் சமையலறையின் பாதிச் சுவரை எடுத்தேன். அடுப்பைப் பார்த்தபடி நீளமாக ஒரு மரப்பெஞ்சு போட்டேன். அதன் பின்சுவருக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தேன். ஏன் கத்தரிப்பூ? எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

வேலை முடிந்தது. உறவினர்கள் பார்க்க வந்தார்கள். பெரிய மாமா சுவரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீடு ஒரு மாதிரியா இருக்கே" என்றார். கவனித்தீர்களா? ஹோட்டல் மாதிரி இல்லை, அக்கா வீடு மாதிரி இல்லை, வெறும் 'ஒரு மாதிரி'! ஒரு மனிதரை அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். சித்தியும் அதையே சொன்னார். நாத்தனார் முகம் வாடிவிட்டது.

மறுநாள் போன் வந்தது. "எனக்கு வெளிய தலைகாட்ட முடியல. எல்லார் வீடு மாதிரியும் மாத்திக் குடு. இல்லன்னா என் வீட்டுப் பக்கமே வராத."

என் கணவரிடம் சொன்னேன். "அக்கா சொன்னா சொன்னதுதான். பேசாம சந்தனக் கலர அடிச்சிட்டு வந்துடு" என்றார். உடன்பிறந்த தம்பியல்லவா, பயம் இருக்கத்தானே செய்யும்!

நானும் பயந்தேன். நாத்தனாரை இழக்க எனக்கு மனமில்லை. பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் டப்பாவைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 'ஒரு மாதிரி' என்றார்களே மாமாவும் சித்தியும், எங்கே உட்கார்ந்து சொன்னார்கள்? அந்தப் பெஞ்சில்! எழுந்து போனார்களா? விளக்கு போட்ட பிறகும் போகவில்லையே! நான் எதை நம்புவது? அவர்கள் வாயையா, அல்லது அவர்கள்... சரி, தாய்மார்கள் இருக்கும் அவை, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாத்தனார் பக்கம் திரும்பினேன். "அண்ணி, நான் மாத்த மாட்டேன். ஒரு மாசம் இருந்து பாருங்க. அப்பவும் பிடிக்கலன்னா நானே பிரஷ்ஷ எடுத்து அடிச்சுத் தர்றேன்."

"அவ்வளவு திமிரா உனக்கு?"

"ஆமா" என்றேன். பெயிண்டர் திறந்த டப்பாவை நானே மூடினேன்.

அந்த மாதம் முழுக்க அவர் பேசவில்லை. பிறகு அழைத்தார். "உடனே வா. ஒண்ணு மாத்தணும்." ஓடினேன். பெஞ்சில் மகள், அவளுடைய தோழிகள், கணவர், அவர்களுக்கு நடுவே பெரிய மாமா! நாத்தனார் கரண்டியும் கையுமாக நின்றார். "இன்னும் கொஞ்சம் நீளமா போட்டுக் குடு. என் வீட்ல எனக்கே உட்கார இடமில்ல!"

நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார், வெங்காயம் என்று இன்றுவரை சாதிக்கிறார். சரி அண்ணி, வெங்காயம்தான்.

மாணவச் செல்வங்களே! வெளியே நீங்கள் செய்து வைத்திருக்கும் மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். எத்தனை கத்தரிப்பூச் சுவர்கள்! எத்தனை பெஞ்சுகள்! ஒருவர் குளியலறையிலும் பெஞ்சு போட்டிருக்கிறார். அங்கே யாரோடு அரட்டை அடிப்பதாக உத்தேசம்? முதலில் பூரித்தேன், பிறகு பதறினேன். அது என் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து நான் கண்டதல்லவா? நீங்கள் யார் வீட்டில் உட்கார்ந்தீர்கள்? யாருடைய பேச்சைக் கேட்டீர்கள்? எந்த நிறம் உங்களைக் காரணமே சொல்லாமல் கைபிடித்து இழுத்தது? பார்த்துப் பழகுங்கள்! பிடித்ததைப் பூசுங்கள்! பழித்தால் பதறாதீர்கள்! 'ஒரு மாதிரி' என்று ஊரே சொன்னாலும், சொல்கிறவர் எழுந்து போகிறாரா என்று பாருங்கள்!

என் உரையை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பாராததுபோல் இருந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மாணவர்கள் மட்டும் என்னோடு வாசலுக்கு வாருங்கள். வண்டி நிறையப் பெயிண்ட் டப்பாக்கள் கொண்டுவந்திருக்கிறேன். எல்லா நிறமும் உண்டு, கத்தரிப்பூவைத் தவிர. வணக்கம்!