அணையாத பல்பு

மீமிசலில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவர் மடியில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது.

"செல்லைக் கழட்டிட்டேன்க்கா. பல்பு அணைய மாட்டேங்குது."

"வயரு எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கும்டி."

"வயரையும் எடுத்துட்டேன். சர்க்யூட் செய்ய பிள்ளைக துணி கிளிப்பு, சாக்லேட் தாளுன்னு கொண்டாந்துச்சுக. கயலு மட்டும் அவ அப்பாவோட பழைய டார்ச்சு பல்பைக் கொண்டாந்தா."

"கடலுக்குப் போயி ஒம்பது நாளா வராத மனுசனா?"

"ஆமாக்கா. கடலுக்குப் போன போட்டு கரைக்கு வர்ற வரைக்கும் அவங்க வீட்டுல வெளக்கை அணைக்க மாட்டாங்களாம். அணைஞ்சா அப்பா வரமாட்டாரு, அணைச்சுராதீங்க டீச்சர்னு அழுதா. ஜெகதாப்பட்டினத்துல எறங்கி அவ ஆத்தாகிட்டயே குடுத்துரலாம்னு கொண்டுபோறேன்."

"இப்பவும் எரியுதா?"

ஜெகதாப்பட்டினம் வந்துவிட்டது. இளையவர் மூடியைத் தூக்கினார். உள்ளே இருட்டாக இருந்தது.

"நான் எப்படிக்கா அந்த வீட்டுக்குப் போவேன்?"

கண்டக்டர் விசில் அடித்தார். இளையவர் எழுந்திருக்கவில்லை.