வெளியே நின்ற ஆள்

இல்ல சார், கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லவேயில்ல. படிச்சுட்டுப் போடுறேன்னுதான் சொன்னேன். இந்த ஐஸ் புகையில கண்ணாடி மங்கிடுது, அதான் லேட்டாகுது. கோவிச்சுக்காதீங்க.

இன்னைக்குத் தேதியில நான் புதுசா வேலைக்குச் சேந்ததா எழுதியிருக்கு. நல்லா இருக்கே! இருபத்திரெண்டு வருஷமா இந்தக் குளிர் ரூம்ல மீன் பெட்டி தூக்கித் தூக்கி எனக்கு முட்டியே தேஞ்சு போச்சு. அந்த முட்டியையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.

ஆமா, கம்பெனி கை மாறிடுச்சு, தெரியும். புது முதலாளியோட மேனேஜர் நீங்க, அதுவும் தெரியும். ஆனா கை மாறினா எங்க பழைய சர்வீஸும் அப்படியே கூட வரணும்னு சட்டம் இருக்காமே? என் பொண்ணு படிச்சுக் காட்டினா. புது ஆளுன்னா நாளைக்கே வேணாம்னு அனுப்பிடலாம், கேக்க நாதியிருக்காது. அதுக்குத்தானே சார் இந்தக் காயிதம்? சிரிக்காதீங்க சார். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு பாக்கி.

மத்த முப்பது பேரும் போட்டுட்டாங்களா? போட்டிருப்பாங்க. ஒவ்வொருத்தரா தனியாக் கூப்பிட்டா யாருக்குத் தைரியம் வரும்? என்னையும் அப்படித்தானே கூட்டிட்டு வந்தீங்க. யார் காதுலயும் விழக்கூடாதுன்னு கதவக்கூட நீங்களே இழுத்துச் சாத்தினீங்க.

குளிருதா? சட்டை ரொம்ப மெல்லிசு. நான் கோட்டு போட்டிருக்கேன், எனக்குப் பரவாயில்ல. போனப் பாக்காதீங்க, இந்தச் சுவத்துக்குள்ள சிக்னல் வராது.

என் மச்சான் காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டான். பதினஞ்சு வருஷமா இந்தக் கதவுக்கு வெளிய நின்னவன். உள்ள போறப்ப நாங்க, ஆள் உள்ளேன்னு கத்துவோம். அவன், ஆள் வெளியேன்னு குரல் கொடுப்பான். அதுக்கப்புறம்தான் கதவச் சாத்துவோம். சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குச் சம்பளம்னு இன்னைக்குப் பத்து மணிக்கு ஒருத்தன பேக்கிங்குக்கு மாத்தினீங்களே, அவன்தான்.

கிளம்பலாமா? சரி, கிளம்புங்க. அந்தக் கதவுப் பொத்தான எத்தன தடவ அமுக்கினாலும் திறக்காது சார். அது கெட்டுப்போய் நாலு வருஷமாச்சு. வெளியேர்ந்துதான் திறக்கணும். அதுக்குத்தான் ஒருத்தன் சும்மா நின்னுட்டிருந்தான்.

தட்டாதீங்க, கைதான் வலிக்கும். ஆறு மணிக்கு லாரி வந்தா திறப்பாங்க. இப்ப மூணு.

நானா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். இருபத்திரெண்டு வருஷம் இருந்தவனா இருந்தா, நீங்க கதவுல கை வைக்கும்போதே கத்தியிருப்பேன். உங்க காயிதப்படி நான் இன்னைக்குத்தானே சார் சேந்தேன்.