ஒரே காம்பரா, இரண்டு படிவம்

வீரய்யா: நேத்துதானே மிஸ் உங்க ஆராய்ச்சிக்குன்னு அத்தன கேள்வியும் கேட்டீங்க. மறுபடியும் அந்த ஃபைலோட வந்து நிக்கிறீங்க?

ஜிப்னா: பிழை என்னோடது ஐயா. டயரியில எழுதி வெச்சிருக்கேன். வாசிக்கவா?

ஜெயலெட்சுமி: வாசிங்க புள்ள. இவரு கெடக்குறாரு.

ஜிப்னா: "மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். பசறைத் தேயிலைத் தோட்டத்தில் கணவனையும் மனைவியையும் ஒரே காம்பராவில், ஒரே அறைக்குள், வைத்துக் கேள்வி கேட்டேன். தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. படிவம் 41, 42 இரண்டும் செல்லாது. பஸ் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது."

வீரய்யா: இதையெல்லாமா எழுதி வெப்பாங்க?

ஜிப்னா: மாலை வகுப்புல படிப்பிக்கிற சேர் தினமும் எழுதச் சொல்லியிருக்கார். அனேகமா என் பிழைதான் வரும்.

ஜெயலெட்சுமி: லயத்து வீட்டுல இருக்குறதே ஒரு காம்பரா. உங்கள அனுப்புற டொக்டரம்மா ரெண்டாவது காம்பராவுக்கு எங்க போவாங்களாம்?

ஜிப்னா: நூருல் இனாயா டொக்டரும் அதைத்தான் சொல்லிச் சிரிச்சாங்க. பிறகு, "திரும்பப் போய்க் கேளுங்க"ன்னாங்க.

வீரய்யா: ஏன் மிஸ், அந்த பதுள ஹுமைத் முதலாளி இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு காசு கொடுக்குறாரே, அதுல லெட்சுமிக்கு ரெண்டு மாத்திரையாவது...

ஜிப்னா: முதலாளியோட உம்மாவும் கடைசி வரைக்கும் இதே நடுக்க நோயோட இருந்துதான் மவுத்தானாங்க. மாத்திரை ஆஸ்பத்திரியில கிடைக்குது. இந்த நோய் யாருக்கு, ஏன் வருதுன்னு தேடத்தான் ஆளில்ல. அதுக்குத்தான் கொடுத்திருக்கார்.

வீரய்யா: காசு கொடுத்து கேள்வி வாங்குறாரு. நல்ல யாவாரி!

ஜெயலெட்சுமி: பேசாம இருங்க. அந்த மனுசன் நல்லா இருக்கணும். அஞ்சு வருசமா கை ஆடுது. ஏன் ஆடுதுன்னு கேட்டு ஒருத்தர் நம்ம படி ஏறுனாங்களா?

ஜிப்னா: ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில...

வீரய்யா: சொந்த காம்பராவுல இருந்தே வெரட்டுறீங்களா?

ஜெயலெட்சுமி: போங்க, போயி ஆட்டுக்கு புல்லு அறுத்துட்டு வாங்க.

வீரய்யா: சரி சரி... போறேன்.

ஜிப்னா: போயிட்டாரா அம்மா?

ஜெயலெட்சுமி: இருமல் தூரத்துல கேக்குது. கேளுங்க.

ஜிப்னா: நேத்து, "ஐயா தோட்டத்துல என்ன வேலை செஞ்சார்"னு கேட்டேன். அவர் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துன்னார். நீங்களும் தலையாட்டினீங்க.

ஜெயலெட்சுமி: ...ஆமா.

ஜிப்னா: உங்க பேர் எங்கயும் வராது. வெறும் நம்பர்தான். ஆனா அம்மா, ஒரு பொய் உள்ளே போனா, அந்தக் காசு, எங்க நடை, எல்லாமே வீண்.

ஜெயலெட்சுமி: ...கவ்வாத்து வெட்டுனது மொத ரெண்டு வருசம். அப்புறம் பதினாலு வருசம் புல்லு சாக மருந்து அடிச்சாரு. தோள்ல மாட்டுற மருந்து டாங்கி ஒழுகி முதுகெல்லாம் நனஞ்சு வருவாரு.

ஜிப்னா: அந்தச் சட்டையெல்லாம் யார் துவைச்சது?

ஜெயலெட்சுமி: வேற யாரு? நான்தான். வெறும் கையாலதான்.

ஜிப்னா: நேத்து ஏன் சொல்லல?

ஜெயலெட்சுமி: காலையில எனக்கு தல சீவி விடுறது அவரு. வகிடு கோணலாத்தான் இருக்கும், பரவாயில்ல. ரொட்டிய பிச்சு ஊட்டுறது அவரு. பொத்தான் போட்டு விடுறது அவரு. என் கை ஆடுறது உங்க சட்டையாலதான்னு அந்த மனுசன் காதுல விழணுமா புள்ள?

ஜிப்னா: அதாலதான்னு யாருக்கும் தெரியாதும்மா. அதைத்தான் தேடுறாங்க. இல்லன்னும் முடிவு வரலாம்.

ஜெயலெட்சுமி: வரட்டும். ஆனா அது வரைக்கும் அவரு தூங்கணும்ல. நீங்க எழுதிக்கங்க. அவருகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.

ஜிப்னா: மாட்டேன். அதுவும் விதிதான்.

ஜெயலெட்சுமி: இந்தா, வந்துட்டாரு. என்னங்க, புள்ளய பஸ்சுக்கு கூட்டிட்டு போங்க. ஒங்க கேள்விய அங்க கேக்கட்டும்.

வீரய்யா: வாங்க மிஸ். பாத்து, படி வழுக்கும்... பஸ்சு வர கால்மணி இருக்கு. லெட்சுமி என்ன சொன்னா?

ஜிப்னா: அதைச் சொல்ல மாட்டேன் ஐயா. உங்க வேலையப் பத்திச் சொல்லுங்க.

வீரய்யா: கவ்வாத்துதான்.

ஜிப்னா: இங்க நாம ரெண்டு பேர்தான் ஐயா.

வீரய்யா: ...பதினாலு வருசம் மருந்து அடிச்சேன். எழுதுங்க. நேத்து அவ முன்னாடி வாய் வரல. நான் பொய் சொன்னேன், அவ அதுக்கும் தலையாட்டுனா. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா மிஸ்? நாப்பது வருசமா அவகூட இருக்கேன்.

ஜிப்னா: ...தண்ணி குடிங்க ஐயா.

வீரய்யா: இல்ல, நல்லாத்தான் இருக்கேன். யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. கேட்டுட்டீங்க. நெஞ்சுல இருந்து ஒரு மூட்ட எறங்குன மாதிரி இருக்கு. உங்க முதலாளிக்கு நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க.

ஜிப்னா: சொல்றேன். இன்னும் ஒரே கேள்வி. இப்ப வீட்டுல யாராவது மருந்து அடிக்கிறாங்களா?

வீரய்யா: மகன் ரமேஸ். மூணு வருசமா. அடுத்த காம்பராதான், அவனும் மருமக மதுஷாவும்.

ஜிப்னா: நாளைக்கு அவங்க இருப்பாங்களா?

வீரய்யா: நாளைக்கு போயா, பௌர்ணமி லீவு, வேல இல்ல. ஒம்பது மணிக்கு வாங்க. என்ன எழுதுறீங்க? வாசிங்க.

ஜிப்னா: "மார்ச் 12, புதன். நாளைய வேலை: ரமேஸ், மதுஷா இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரமேஸின் சட்டையை எப்படித் துவைக்கிறார் என்று மதுஷாவிடம் கேட்க வேண்டும்."

வீரய்யா: அந்தக் கடைசி வரிய மட்டும் அழிச்சிருங்க மிஸ். அந்தச் சட்டைய மருமக தொட்டதே இல்ல. ரமேஸ் டாங்கிய தூக்குன மொத நாள்ல இருந்து, கீழ் தண்ணிப் பீலியில நான்தான் கையுறை போட்டு துவைக்கிறேன். சாயந்தரமானா கடையில வெட்டிப் பேச்சு பேசப் போறேன்னு நெனச்சு லெட்சுமி ஏசுறா, ஏசட்டும்... அந்த எடத்துல என்னைய எழுதுங்க.