பதினொன்றோடு நின்ற அறிவிப்பு

மேடையில் வீற்றிருக்கும் வானொலி நிலைய இயக்குநர் அவர்களே, மாவட்ட ஆளுநர் அவர்களே, பனியில் வண்டி ஓட்டி வந்து நனைந்த காலணியோடு உட்கார்ந்திருக்கும் மேய்ப்பர் குடும்பத்தாரே, எல்லோருக்கும் என் வணக்கம்!

இந்தக் கலாசார மண்டபத்தில் இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நான் பேசும் நான்காவது இரங்கல் உரை இது. களைத்துவிட்டேன். புகழ் மொழிகளெல்லாம் முதல் மூன்று பேருக்கே தீர்ந்துபோயின. கௌரவ ஒலிபரப்பாளர் தொல்கோர் அம்மையாருக்கு மிச்சமிருப்பது உண்மை ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகள்! காலை எட்டு மணிக்கு அந்தக் குரல் வராமல் எந்தக் கூடாரத்தில் தேநீர் கொதித்தது? காணாமல்போன கால்நடை அறிவிப்பு என்றால் தொல்கோர், தொல்கோர் என்றால் அந்த அறிவிப்பு. எந்தக் குதிரைக்கு எந்தச் சூட்டுக்குறி, எந்த வீட்டு ஆட்டுக்கு எந்தக் காதில் வெட்டு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். உங்கள் பிள்ளைகளின் பெயரை மறந்தாலும் மறப்பார், உங்கள் ஆட்டின் காதை மறக்கமாட்டார்!

பிறகு தொலைக்காட்சி வந்தது. முதல் நாள் செய்தி வாசித்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா ஊரே என்னை அழகின்னு நம்பிக்கிட்டு இருந்துச்சு, தலைவரே. இன்னிக்கு அதையும் கெடுத்துட்டீங்க."

சிரியுங்கள். அவருக்குச் சிரிப்பு பிடிக்கும்.

இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கில்லை. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், வசந்த காலத்தில் ஒரு காலை. அப்போது நான் நிலையத் தலைவன். ஏழரை மணிக்கு மேற்கு எல்லையிலிருந்து தொலைபேசி வந்தது. மண்ணும் பனியும் சேர்ந்த புயல் ஒன்று சுவர்போல எழுந்து வருகிறதாம். தொல்கோர் என் அறைக்கு ஓடி வந்தார்.

"தலைவரே, வடக்குப் பள்ளத்தாக்குல பன்னிரண்டு குடும்பம் இருக்கு. இப்பவே சொல்லிடலாம்."

எங்கள் நிலையத்தில் ஒரு விதி. தலைநகரிலிருந்து வானிலைத் தாள் வராமல் வானிலை பற்றி ஒரு வார்த்தை வாசிக்கக் கூடாது. தாள் வருவதோ பத்தரை மணிக்கு. "தாள் வரட்டும்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. எட்டு மணிக்குக் கால்நடை அறிவிப்புக்கு உட்கார்ந்தார். "கொம்போ குடும்பத்தார் கவனத்துக்கு. இடது காது நுனி வெட்டிய உங்கள் ஆடுகள் பள்ளத்தாக்கில் சிதறி நிற்கின்றன. ஒன்பதரை மணிக்குள் ஓட்டிவந்து பட்டியில் அடைத்துவிடுங்கள்." அடுத்து இன்னொரு குடும்பம், இன்னொரு காது. எல்லாம் பொய்! அவர் வாழ்நாளில் வாசித்த பொய்கள் அவ்வளவுதான்.

கொம்போ அதோ உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய ஆடுகள் அவர் கண்ணெதிரே மேய்ந்துகொண்டிருந்தன. "இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தியிருக்கிறார். அவர் மனைவி சொன்னாராம்: "அவங்க இதுவரைக்கும் ஒரு காதுகூடத் தப்பாச் சொன்னதில்ல. வாய மூடிக்கிட்டு போய் ஓட்டிட்டு வா."

போனார். பிழைத்தார். அப்படிப் பதினொரு குடும்பங்கள்.

ஏன் பதினொன்று? ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறதென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உள்ளே போய் விசையை அணைத்தேன்.

"தலைவரே, இன்னும் ஒரே ஒரு குடும்பம். அரை நிமிஷம் குடுங்க."

"இது பொய் வாசிக்கிற இடமில்ல" என்றேன்.

பத்து மணிக்கு வானம் பழுப்பாயிற்று. தாள் அதற்குப் பிறகு வந்தது. பன்னிரண்டாவது குடும்பத்துக்காரர், பால்தான் என்பவர், தன் ஆடுகளோடு, நான்கு நாள் கழித்து உயிரில்லாமல் கிடைத்தார்.

மறுநாள் பொய் அறிவிப்பு வாசித்த குற்றத்துக்காகத் தொல்கோரை ஆறு மாதம் பணியிடைநீக்கம் செய்து கையெழுத்திட்டேன். அவர்மீது குற்றம் எழுதாவிட்டால் என்மீதல்லவா எழுத வேண்டியிருக்கும்? இந்தக் கை செய்த வேலை அது. வெட்கமாக இருக்கிறது.

பால்தானின் மனைவி யாஞ்சிமா சந்தையில் நின்று அழுதார்: "ஊருக்கெல்லாம் சொன்னா, என் வீட்ட மட்டும் மறந்துட்டா." ஊர் அதை நம்பியது. தொல்கோர் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நானே ஒருமுறை அவரிடம் போனேன். அப்போதும் அவர்தான் தடுத்தார்.

"சும்மா இருங்க தலைவரே. என்மேல கோபம்னா என் குரல் வர்றப்ப மட்டும்தான் அணைப்பாங்க. நிலையத்து மேல கோபம்னா வானொலியையே பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருவாங்க. அடுத்த புயலுக்கு அவங்களுக்கு யார் சொல்றது?"

நானும் சும்மா இருந்துவிட்டேன். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது!

இயக்குநர் அவர்களே, அந்த விதி இன்னும் உங்கள் சுவரில் தொங்குகிறது. "அவர் பணியைத் தொடர்வோம்" என்று நாம் இங்கே உறுதி சொல்லிக் கலைவதில் பயனில்லை. இன்று போனதும் அதைக் கழற்றுங்கள். அந்தப் பணியிடைநீக்க உத்தரவைத் தப்பென்று அறிவியுங்கள். என்மீது எழுத வேண்டியதை எழுதுங்கள். இந்த மண்டபத்தின் முன்னால் நான் தரும் உறுதி, எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன் என்பதுதான்.

மூன்றாம் வரிசையில் யாஞ்சிமா அம்மா இருக்கிறார். எந்த மனத்தோடு வந்தீர்களோ, தெரியாது. அம்மா, அவர் உங்களை மறக்கவில்லை. வலது காதில் இரட்டை வெட்டு, பால்தான் குடும்பம். பன்னிரண்டாவதாக எழுதி வைத்திருந்தார். நான்தான் அணைத்தேன்.

இத்தனை ஆண்டுகளாக அந்தக் குரல் வந்ததுமே வானொலியை அணைத்துவிடுவீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இனி நீங்கள் அணைக்க வேண்டியதில்லை, அம்மா. அந்தக் குரல் வராது.